கைராசி எந்தக் கையில்?

கோச்சடையில் முத்துமீனா குடியிருக்கும் தெருவில் போய் அவள் அப்பா சூர்யபிரகாஷைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நடுரோட்டில் நின்றுபோன லோடு ஆட்டோவை ஒற்றை ஆளாகத் தள்ளி ஓரம் கட்டிய கதையை ஒருவர் சொல்வார். தெருவுக்குள் புகுந்த சாரைப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிப் போய் வைகைக் கரையில் விட்ட கதையை இன்னொருவர் சொல்வார். கப்பலூரில் இரும்புச் சாமான் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. கையும் இரும்புதான்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மீனாவுக்கு இதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. வகுப்பில் யாராவது தங்கள் அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இவள் பாம்புக் கதையை அவிழ்த்துவிடுவாள். சொல்லச் சொல்லப் பாம்பு நீளமாகிக்கொண்டே போகும். இப்போதைக்கு அது வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வந்திருந்தது.

அப்படிப்பட்ட அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்லி எலும்பைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வேறு வீட்டில் இது பெரிய விஷயம் இல்லை. மீனாவின் வீட்டில் இது உலக அதிசயம். நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்சிவிட்டுத்தான் அப்பா தண்ணீர் குடிப்பார். அம்மா சத்யப்ரியா, குழம்பில் உப்புக் கூடிவிட்டதா என்று தொட்டு நக்கிப் பார்த்தார். அப்பா வயிறு சரியில்லை என்றார்.

வயிறு சரியில்லாதவர் எதற்குக் கன்னத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? மீனா அதைக் கவனித்தாள். இட்லியைக்கூட அப்பா ஒரு பக்கமாகவே மென்றதும், அவர் சட்டைப் பையில் கிராம்பு வாசம் அடித்ததும் இப்போது நினைவுக்கு வந்தன. இடது கன்னம், கொழுக்கட்டையை உள்ளே ஒதுக்கி வைத்தது மாதிரி லேசாக உப்பியிருந்தது.

எதிர்வீட்டுச் சுருளி மாமாவும் அப்பாவோடு அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, மூஞ்சி ஒரு பக்கமாப் பூரிச்சுப் போயிருக்கு?" என்று கேட்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பல் டாக்டரிடம் போகலாம் என்று அம்மா சொன்னதுதான் தாமதம், சமையலறைக் குழாய் சொட்டுவது அப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது. அது போன பொங்கலிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும் குழாய்.

சாயங்காலம் அப்பா மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மீனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்காப்பா?"

அப்பா முதலில் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்து மாடியைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் மெல்லச் சொன்னார். பேரையூர்ப் பக்கம் சொந்த ஊரில் இருந்தபோது, மீனாவின் வயதில், அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டதாம். சந்தையில் பல் பிடுங்குகிற ஒருவரிடம் கூட்டிப் போனார்களாம். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. கையில் ஒரு குறடு மட்டும் வைத்திருந்தார்.

"ஒரு நாற்காலியில உட்கார வச்சு, ஆளுக்கொரு கையப் பிடிச்சு அமுக்கிக்கிட்டாங்க தாயி. போதும்னு சொல்ல வாயும் இல்ல, காட்டக் கையும் இல்ல. இன்னைக்கும் அந்த மாதிரி நாற்காலிய நெனச்சா உள்ளங்கை வேர்க்குது" என்றார் அப்பா. பிறகு, "இத யார்கிட்டயும் சொல்லிராத" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மீனாவுக்குப் பாம்பு நினைவு வந்தது. ஆனால் அப்பாவைப் பற்றிய பெருமை ஒரு பொட்டும் குறையவில்லை. இரண்டு கையும் பிடிபட்டு உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பையனை நினைத்துத்தான் அவளுக்குப் பாவமாக இருந்தது.

நல்ல டாக்டராக இருந்தால் வருவீர்களா என்று கேட்டாள். அப்பா யோசித்தார். தப்பிக்க ஒரு வழி தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது.

"கைராசி உள்ள டாக்டரா ஒருத்தரக் காட்டு. மறுநாளே வாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கைராசி உள்ள டாக்டரை ஒரு சின்னப் பிள்ளை எங்கே தேடப் போகிறது என்று அப்பா நிம்மதியாகத் தொட்டிக்குள் இறங்கினார். அவருக்குத் தம் மகளைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை.

மீனாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. கைராசி என்றால் என்ன? தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டாள். சில பேர் கை பட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும், அதுதான் கைராசி என்றார் அம்மா.

"அது கையிலயே இருக்குமாம்மா?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பேரே கைராசி. பின்ன, கால்லயா இருக்கும்?"

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னார். மீனா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கையில்தான் இருக்கிறது என்றால், டாக்டரின் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நோயாளியாகப் போனால்தானே டாக்டர் கையைக் கிட்டத்தில் பார்க்க முடியும்? அப்பா வரமாட்டார். அவர் பயப்படுகிறார் என்று யாரிடமும் சொல்லவும் முடியாது.

நாக்கால் கடைவாயைத் துழாவினாள். அங்கே ஒரு பால் பல் கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதுவாக விழட்டும் என்று விட்டிருந்த பல். இப்போது அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது.

"அம்மா, என் பல்லு ஆடுது. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள்.

இதைக் கேட்ட எதிர்வீட்டுச் சுருளி மாமா, எந்த டாக்டர் என்று யோசிக்கவே தேவையில்லை என்றார். மெயின் ரோட்டில் ஒரு டாக்டர் இருக்கிறாராம். அவருக்கு எம்புட்டுக் கைராசி என்றால், அதைப் போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறாராம். "நீங்க அவர்கிட்டப் பல்லக் காட்டியிருக்கீங்களா மாமா?" என்று மீனா கேட்டாள். மாமா, தம் பல்லுக்கு என்ன குறை, அது பாறை என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவும் மீனாவும் அங்கே போனார்கள். ஏசி சில்லென்று இருந்தது. கண்ணாடித் தொட்டியில் தங்க மீன்கள் நீந்தின. மீனாவுக்கு எல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவள் மீன் பார்க்க வரவில்லை, கை பார்க்க வந்திருந்தாள்.

முன்னால் போனவர் வாயில் பஞ்சோடு எழுந்து வந்ததும் மீனாவைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் சாய்ந்தபோது அவளுக்கும் உள்ளங்கை வேர்த்தது. அப்பாவின் மகள்தானே. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, டாக்டரின் கையையே பார்த்தாள்.

அந்தக் கையில் வெள்ளைக் கிளவுஸ் இருந்தது. அந்தக் கை முதலில் போனை எடுத்தது. பேசி முடித்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்து மூடியது. வழுக்கி இறங்கிய மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளியது. பிறகு நேராக மீனாவின் வாயை நோக்கி வந்தது.

மீனா வாயை மூடிக்கொண்டாள்.

"வாயத் திறம்மா" என்றார் டாக்டர்.

"கிளவுஸ மாத்தலையே டாக்டர்" என்று பல்லைக் கடித்தபடியே சொன்னாள் மீனா. முன்னால் வந்தவருக்குப் போட்ட அதே கிளவுஸ் அது.

சின்னப் பிள்ளைக்கு வாய் நீளம் என்று டாக்டர் சிரித்தார். வாயையே திறக்காத பிள்ளைக்கு எப்படி வாய் நீளமாகும் என்று மீனாவுக்குப் புரியவில்லை. வலித்தால் பாதியில் நிறுத்துவீர்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். பாதியில் நிறுத்தினால் வேலை எப்படி முடியும் என்ற டாக்டர், அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பிள்ளையோட கையக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

பேரையூர்ச் சந்தை அப்படியே கண்முன் வந்து நின்றது.

அம்மா அவள் கையைப் பிடித்தார். ஆனால் பிடித்தது அமுக்குவதற்கு இல்லை, நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவதற்கு. "பிள்ளைக்கு மனசு இல்ல டாக்டர், நாங்க வாரோம்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, மீனாவை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

திட்டு விழப்போகிறது என்று மீனா ஓரடி பின்னாலேயே நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அம்மா, "நானும் அங்கனதான் நின்னேன். எனக்கு அந்தக் கிளவுஸ் கண்ணுலயே படல, உனக்குப் பட்டுச்சே" என்றார். அம்மாவின் நடையே கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

ஆக, போர்டில் இருப்பது கையில் இருக்க வேண்டும் என்று இல்லை. இது மீனா அன்றைக்குத் தெரிந்துகொண்ட விஷயம்.

அவள் வகுப்பில் சுஷ்மா என்று ஒரு பெண். பல்வரிசையைச் சரிசெய்யக் கிளிப் போட்டிருக்கிறாள். மறுநாள் இடைவேளையில் மீனா அவளைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் டாக்டர் எப்படி என்று கேட்காமல், உங்கள் டாக்டருடைய கை எப்படி என்று கேட்டாள்.

சுஷ்மா விநோதமாகப் பார்த்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள். "சில்லுன்னு இருக்கும். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வருவாங்க. ஆனா அங்க மீன் தொட்டியெல்லாம் கிடையாது. பழைய புத்தகம்தான் கிடக்கும்."

மீன் தொட்டி இல்லாவிட்டால் போகிறது. அன்று சாயங்காலமே மீனா அம்மாவைக் கிளப்பிவிட்டாள். பலசரக்குக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். டாக்டர் நாகலக்ஷ்மி என்று சின்ன போர்டு. அதில் படிப்பும் பதிவு எண்ணும் இருந்தன, கைராசி என்று எதுவும் இல்லை. அம்மா சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை நின்று படித்தார். இந்த முறை அவரும் பார்க்க வேண்டியதைப் பார்த்தார்.

டாக்டர் நாகலக்ஷ்மி முன்பக்கம் நரைத்த தலையும் பெரிய மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். மீனாவை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே கை கழுவினார். பெட்டியிலிருந்து புதுக் கிளவுஸை எடுத்து மாட்டினார். ஒட்டியிருந்த உறை ஒன்றை அவள் முன்னால் கிழித்து, உள்ளே இருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். அந்தக் கை வேறு எதையும் தொடவில்லை. ஒருமுறை போன் அடித்தது. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

"இத வாய்க்குள்ள வச்சுப் பல்லப் பார்ப்பேன். வலிச்சாலோ, பயமா இருந்தாலோ இடது கையத் தூக்கு. நான் நிறுத்திருவேன்" என்றார் டாக்டர்.

டாக்டர் பார்க்கத் தொடங்கினார். வலி இல்லை, பயமும் குறைந்திருந்தது. ஆனாலும் மீனா கையைத் தூக்கினாள்.

டாக்டரின் கை சட்டென்று நின்றது. வாயை விட்டு வெளியேயும் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றாள் மீனா. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நெசமாவே நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்."

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று அம்மா பயந்தார். டாக்டரோ மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார். "சோதிச்சுப் பார்க்கிறது நல்லதுதான். இன்னொரு தடவ வேணும்னாலும் தூக்கிப் பாரு."

மீனா இன்னொரு தடவையும் தூக்கினாள். அப்போதும் கை நின்றது.

கடைசியில் டாக்டர், இந்தப் பல்லில் தமக்கு வேலையே இல்லை, அடியில் புதுப் பல் வந்துகொண்டிருக்கிறது, இது தானாக விழுந்துவிடும் என்று சொல்லிக் கிளவுஸைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். மீனா அந்தக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே மறித்து, டாக்டர் கிடைத்துவிட்டார், நாளைக்குக் கிளம்புங்கள் என்றாள். அப்பாவின் கன்னம் இன்னும் வீங்கி, ஒரு கண் சின்னதாகத் தெரிந்தது. அன்று பகல் முழுக்க அவர் கஞ்சியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. அப்போதும் விடவில்லை, அந்த டாக்டருக்குக் கைராசி இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

மீனா சொன்னாள். கழுவின கை, புதுக் கிளவுஸ், கண்ணெதிரே கிழித்த உறை, அடித்து ஓய்ந்த போன் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கன்னத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாம கையத் தூக்கினா நிறுத்துறாங்கப்பா. யாரும் நம்ம கையப் பிடிக்கல. நான் பொய்யாத் தூக்கினேன், அப்பவும் நிறுத்துனாங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீ போயி அந்த நாற்காலியில உட்கார்ந்தியா?"

"ம்."

"எனக்காகவா?"

மீனா தலையை ஆட்டினாள். நாற்காலியில் தனக்கும் கை வேர்த்தது என்று சேர்த்துச் சொன்னாள். இரும்பு தூக்கிக் காய்த்துப்போன கையை அப்பா அவள் தலைமேல் வைத்தார். பிறகு, "கிளம்பிருவோம் தாயி" என்றார்.

மறுநாள் அந்த நாற்காலி அப்பாவுக்குப் போதவில்லை. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டாக்டர் சின்னக் கண்ணாடியைக் கையில் எடுப்பதற்குள் அப்பாவின் இடது கை மேலே போய்விட்டது. டாக்டர் நின்றார். கை இறங்கியது. டாக்டர் குனிந்தார். கை மறுபடி மேலே போனது.

"நான் இன்னும் தொடவே இல்லையே சார்" என்றார் டாக்டர்.

"சும்மா, நிறுத்துறீங்களான்னு பார்த்தேன் டாக்டர்."

டாக்டர் திரும்பி மீனாவைப் பார்த்தார். "குடும்பமே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. எக்ஸ்ரே எடுத்து அப்பாவுக்கே காட்டினார் டாக்டர். வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்துவிடவும் செய்யலாம், வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றவும் செய்யலாம் என்று இரண்டையும் விளக்கினார். காப்பாற்ற வேண்டுமென்றால் இன்னும் சில தடவை வர வேண்டும். தம்முடைய அபிப்பிராயம் காப்பாற்றலாம் என்பதுதான், ஆனால் முடிவு உங்களுடையது என்றார்.

அப்பா மீனாவைப் பார்த்தார். பிறகு, "காப்பாத்திருங்க டாக்டர். அது நல்லி எலும்பு கடிக்கிற பல்லு" என்றார்.

ஊசியைப் பார்த்ததும் கை மேலே போனது. டாக்டர் நின்றார். அப்பா மூச்சை இழுத்துவிட்டு, தாமாகவே கையைக் கீழே இறக்கினார். யாரும் பிடிக்கவில்லை, யாரும் அமுக்கவில்லை. மீனா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பாம்பைப் பிடித்ததைவிட இதுதான் பெரிய காரியம் என்று அவளுக்குத் தோன்றியது.

பல் வேலையெல்லாம் முடிந்து, அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு நல்லி எலும்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் மீனாவைக் கூட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனார். அங்கே நின்ற ஒருவர், வீக்கம் வற்றிவிட்டதே, எந்த டாக்டர் என்று விசாரித்தார். அப்பா மறைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"பல் டாக்டர்னா எனக்குச் சின்ன வயசுலேருந்து பயம்ண்ணே. கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு ஒளிஞ்சு கெடந்தேன். எம் மகதான் முதல்ல அவ போயி உட்கார்ந்து, அந்த டாக்டரச் சோதிச்சுப் பார்த்துட்டு, அப்புறமா என்னயக் கூட்டிட்டுப் போனா."

எல்லோரும் மீனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் அவள் கேட்காமலே ஒரு பன்னை எடுத்து நீட்டினார். தன் அப்பாவைப் பற்றி இத்தனை நாளும் இவள் கதை சொன்னாள், இன்றைக்கு அப்பா இவளைப் பற்றிச் சொல்கிறார். மீனாவுக்குப் பெருமையில் முகம் சூடானது.

கூட்டம் கலைந்த பிறகு சுருளி மாமா மட்டும் மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மீனா, அந்த டாக்டர்கிட்ட என்னயும் கூட்டிட்டுப் போறியா? எனக்கும் ஒரு பல்லு கொஞ்ச நாளாக் கடுகடுங்குது."

"உங்க பல்லு பாறையாச்சே மாமா?"

"பாறையிலதான் ஓட்ட விழுந்துருச்சு."

மீனா பன்னை ஒரு கடி கடித்துக்கொண்டு யோசித்தாள். கூட்டிப் போகலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பழக வேண்டும் என்றாள். "வலிச்சா இடது கையத் தூக்கணும். எங்க, தூக்கிக் காட்டுங்க."

சுருளி மாமா கையைத் தூக்கினார்.

டீ கேட்கிறார் என்று நினைத்த கடைக்காரர், ஆவி பறக்க ஒரு கிளாஸைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டார். சூடு பட்டால் பல் என்ன பாடுபடும் என்று தெரிந்த மாமா, கிளாஸையும் மீனாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா அந்த டீயை வாங்கி, இடது கடைவாய்ப் பக்கமாகவே ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.